காற்றா, தண்ணீரா? கொங்கு வெயிலுக்கும் பஞ்சுக்கும் எந்த கூலர் தாங்கும்

கம்ப்யூட்டர் கூலர்களை வைத்து இணையத்தில் போடும் சோதனைகளில் பெரும்பாலானவை 20, 22 டிகிரி அறையில் நடப்பவை. கோயம்புத்தூரில் மார்கழி விடியற்காலையில் அப்படி ஓர் அறை நமக்கும் கிடைக்கும். சித்திரை மதியம் கரூரிலோ ஈரோட்டிலோ மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் 38 டிகிரி சாதாரணம். காற்று கூலரோ தண்ணீர் கூலரோ, எதுவும் பிராசசரை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது. அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரியில் நிறுத்துகிறது என்பதுதான் அதன் திறமை. 50 டிகிரி மேலே நிறுத்தும் கூலர் சோதனை அறையில் 72 காட்டும், நம் அறையில் 88 காட்டும். அங்கே நட்சத்திரம் வாங்கிய செட்டிங்கை இங்கே அப்படியே போடக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்தச் சோதனைகளில் இன்னொரு குறை, எல்லாமே பிராசசர் சூட்டை மட்டும் வைத்து வரிசைப்படுத்துகின்றன. ஓவர்கிளாக் செய்த, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஏற்றிய கம்ப்யூட்டரில் முதலில் திணறுவது பல நேரம் பிராசசருக்குக் கரண்ட் கொடுக்கும் மதர்போர்டுதான். ஆகவே இங்கே இரண்டு கேள்விகளை போர்டின் பக்கம் நின்று பார்க்கிறேன். பிராசசர் மேலேயே தகடுகளை அடுக்கி ஃபேன் வைத்த டவர் கூலரா, தண்ணீரைக் குழாய் வழியே ரேடியேட்டருக்கு அனுப்பி ஆற்றும் தண்ணீர் கூலரா? வேகத்தை ஏற்றுவதா, வோல்டேஜை இறக்குவதா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 150 வாட்டுக்குள் ஓடும் பிராசசருக்கு நம் பக்கம் இரட்டை டவர் காற்று கூலரும் வோல்டேஜ் குறைப்பும்தான் சரி. அதைத் தாண்டினால்தான் தண்ணீர் கூலரைப் பற்றிப் பேச வேண்டும்.

போர்டில் எது சூடாகிறது

பவர் சப்ளையிலிருந்து வருவது 12 வோல்ட். பிராசசர் கேட்பது ஏறக்குறைய 1.2 வோல்ட். இடையில் நின்று குறைத்துக் கொடுப்பது சாக்கெட்டைச் சுற்றி வரிசையாக நிற்கும் சோக், மாஸ்பெட், கெப்பாசிட்டர் கூட்டம், விஆர்எம் என்போம். 180 வாட் இழுக்கும் பிராசசருக்கு 1.2 வோல்ட்டில் 150 ஆம்பியர் போக வேண்டும். விஆர்எம்மின் திறன் 90 சதவீதம் என்று வைத்தால், 20 வாட் அங்கேயே வெப்பமாகிவிடும். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றை போர்டின் மேல் படுக்க வைத்து நாள் முழுக்க ஓட்டுவதற்கு இது ஏறக்குறைய சமம்.

இப்போது ஓவர்கிளாக் செய்கிறோம். வேகத்தை 5 சதவீதம் ஏற்ற வோல்டேஜை 1.2லிருந்து 1.35க்குத் தூக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின் செலவு வேகத்தோடு நேராகவும் வோல்டேஜோடு இருமடிக்கணக்கிலும் ஏறும். கணக்குப் போட்டால் 180 வாட் 240 ஆகிறது, 150 ஆம்பியர் 178 ஆகிறது. மாஸ்பெட்டின் மின்தடையால் வரும் சூடு ஆம்பியரின் இருமடிக்கணக்கில் ஏறுவதால் அது 40 சதவீதம் கூடிவிடுகிறது. கிடைத்தது 5 சதவீத வேகம்.

மாஸ்பெட் 100 டிகிரியைத் தாங்கும். பக்கத்தில் இருக்கும் கெப்பாசிட்டரின் ஆயுள்தான் குறையும். இன்றைய போர்டுகளில் உள்ள சாலிட் பாலிமர் கெப்பாசிட்டருக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் பொதுக் கணக்கு, 20 டிகிரி குறைந்தால் ஆயுள் பத்து மடங்கு என்பது. 105 டிகிரியில் 5,000 மணி நேரம் என்று போட்ட கெப்பாசிட்டர் 85 டிகிரியில் 50,000 மணி நேரம் வரும். நான் எந்த போர்டைப் பார்த்தாலும் முதலில் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற, சூடு காட்டும் புரோகிராமைத் திறந்து விஆர்எம் சூடு எத்தனை என்று பார்ப்பது இதற்காகத்தான். 85க்குள் இருந்தால் நிம்மதி. விலை குறைந்த போர்டுகளில் அந்த சென்சாரே இருக்காது, சில போர்டுகளில் மாஸ்பெட் மேல் சூட்டை ஆற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்க்கூட இருக்காது. அவற்றை ஓவர்கிளாக் பேச்சிலேயே சேர்க்க வேண்டாம்.

டவரும் தண்ணீரும்

கோவையில் கடைக்குப் போனால், "ஏனுங்க, தண்ணி கூலரே போட்டரலாமுங்களா? லைட்டெல்லாம் சும்மா ஜம்முனு எரியுமுங்க" என்பார்கள். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. தண்ணீர் கூலரின் உண்மையான பலம் வேறு. 250 வாட்டை மணிக்கணக்கில் இழுக்கும் பெரிய பிராசசரை 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் அளவுக்கு எந்த டவரும் அமர்த்த முடியாது. அப்புறம், தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும் என்பதால், இரண்டு நிமிட வேலைக்கு ஃபேன் சத்தம் அதிகமாகாது. ஆனால் 150 வாட்டுக்குள் வந்துவிட்டால், தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ மாதிரியான இரட்டை டவருக்கும் 240 மில்லிமீட்டர் தண்ணீர் கூலருக்கும் இடையே சில டிகிரிதான் வித்தியாசம்.

அந்தச் சில டிகிரிக்கு போர்டு கொடுக்கும் விலையைப் பாருங்கள். டவர் கூலரின் ஃபேன் சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே சுற்றுவதால், காற்றில் ஒரு பங்கு விஆர்எம் ஹீட் சிங்க்கையும் ராமையும் தடவிக்கொண்டு போகிறது. தண்ணீர் கூலர் போட்டால் ஃபேன்கள் கேபினெட்டின் ஓரத்துக்குப் போய்விடும், சாக்கெட்டைச் சுற்றிக் காற்று அசையாது. பிராசசர் 70 டிகிரி காட்டும், விஆர்எம் 100ஐத் தொட்டுக்கொண்டிருக்கும். ரேடியேட்டரை முன்பக்கம் மாட்டினால் நிலைமை இன்னும் மோசம். பிராசசரின் சூட்டைச் சுமந்து வரும் காற்றுதான் போர்டு மேல் அடிக்கும். அதனால் மேலே மாட்டி, காற்றை வெளியே தள்ள விடுவது போர்டுக்கு நல்லது. பம்ப் மட்டும் எந்த நிலையிலும் ரேடியேட்டரைவிட உயரத்தில் இருக்கக்கூடாது, காற்றுக் குமிழி அங்கே போய்ச் சேரும்.

இனி நம் ஊருக்கே உரிய சங்கதி, பஞ்சு. திருப்பூரில் பனியன் கம்பெனி மாடியில் டிசைன் போடும் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் ஃபேன் சுத்தமாகச் சுற்றும். ஃபேனைக் கழற்றினால்தான், அதற்கும் அலுமினியத் தகடுகளுக்கும் இடையில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் முழுசாகப் படிந்திருப்பது தெரியும். ஓரத்தில் நகத்தால் நெருடினால் ஒரே துண்டாக உரிந்து வரும். பிராசசர் 95 டிகிரியில் நிற்பதற்குக் காரணம் பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்தது என்று நினைத்திருப்பார்கள். காற்றே உள்ளே போகவில்லை. பல்லடம், சோமனூர் பக்கம் தறிக்குடோன்களிலும் இதே கதைதான். பொள்ளாச்சிப் பக்கம் பஞ்சுக்குப் பதில் தென்னை நார்த்தூள்.

டவர் கூலரில் ஃபேனைப் பிடித்திருப்பது இரண்டு கம்பிக் கிளிப்புகள். கையால் நெம்பினால் வந்துவிடும், பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, திரும்ப மாட்ட ஐந்து நிமிடம் போதும். கம்பெனியில் வேலை பார்க்கும் பையனே மாதம் ஒருமுறை செய்துவிடுவான். 360 ரேடியேட்டரில் மூன்று ஃபேன்களைக் கழற்றப் பன்னிரண்டு ஸ்க்ரூ. அதற்கு முன் ரேடியேட்டரையே கேபினெட்டிலிருந்து இறக்க வேண்டி வரலாம். அதன் தகடுகள் நெருக்கமானவை, மெல்லியவை. பிரஷ்ஷை அழுத்தினால் மடங்கும். சிரமமாக இருப்பதை யாரும் மாதாமாதம் செய்ய மாட்டார்கள். இந்த ஒரு காரணமே திருப்பூருக்கு எனக்குப் போதும்.

கோவையில் லேத் பட்டறைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் கம்ப்ரசர் காற்றை அடித்து விடுவது வழக்கம். அதில் எண்ணெய்ப் புகையும் தண்ணீரும் சேர்ந்து வரும், ஈரம் பிரிக்கும் ஃபில்டர் இல்லாத கம்ப்ரசரை போர்டு பக்கம் கொண்டுபோகாதீர்கள். கைக்கு அடக்கமான எலெக்ட்ரிக் புளோயர் போதும். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் தன் வேகத்துக்கு மேல் சுற்றி பேரிங் போய்விடும்.

பழுது வந்தால் என்ன ஆகும் என்பதிலும் டவர் முந்துகிறது. ஃபேன் நின்றாலும் அத்தனை தகடுகளும் அங்கேயே இருக்கும், பிராசசர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெதுவாகவாவது ஓடும். மாற்று ஃபேன் எந்த ஊரிலும் கிடைக்கும். பம்ப் நின்றால் கொஞ்ச நேரத்திலேயே 100 டிகிரி, வேலை நின்றுபோகும். பம்ப்பைத் தனியாக மாற்ற முடியாது, மொத்தமாக வேறு வாங்க வேண்டும். குழாய் ரப்பர் வழியாக வருடக்கணக்கில் தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், சூடு கூடக் கூட இன்னும் வேகமாகக் குறையும்.

டவருக்கு ஒரு பெரிய குறை உண்டு, எடை. நாக்டுவா என்எச்-டி15 இரண்டு ஃபேனோடு ஒரு கிலோ 300 கிராமுக்கு மேல் வரும்; உயரம் 165 மில்லிமீட்டர், கேபினெட்டை அளக்காமல் வாங்கினால் கதவு மூடாது. கோவையில் அசெம்பிள் செய்து தாராபுரத்துக்கோ சத்தியமங்கலத்துக்கோ பஸ் பார்சலில் அனுப்பும்போது, அந்தக் கனம் ஒவ்வொரு குலுக்கலிலும் போர்டை இழுக்கும். கூலரைக் கழற்றித் தனியாகக் கட்டி அனுப்புங்கள், இல்லாவிட்டால் கேபினெட்டைப் படுக்க வைத்து ஏற்றுங்கள். இந்த இடத்தில் தண்ணீர் கூலருக்குத்தான் மதிப்பெண்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு, ஃபேன் போர்டைப் பார்த்துக் கீழ்நோக்கி ஊதுவது. விஆர்எம், ராம், எம்.2 டிரைவ் எல்லாவற்றுக்கும் நேராகக் காற்று கிடைக்கும், ஆனால் பிராசசருக்கான திறன் குறைவு. 65 வாட் பிராசசரும் ஹீட் சிங்க் இல்லாத போர்டும் இருக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு இதைவிட நல்லது இல்லை.

ஏற்றுவதா, இறக்குவதா

எந்த போர்டில் ஏற்ற முடியும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். இன்டெலில் கே எழுத்துள்ள பிராசசரும் இசட் வரிசை போர்டும் வேண்டும். பி560 முதல் பி வரிசையில் ராம் வேகத்தை மட்டும் ஏற்றலாம். ஏஎம்டியில் பி450, பி550, பி650 போர்டுகளிலேயே பிராசசரை ஏற்றலாம், ஏ520, ஏ620ல் முடியாது.

எல்லா கோர்களையும் ஒரே வேகத்தில், ஒரே வோல்டேஜில் பூட்டி வைக்கும் பழைய முறைக்கு இன்று காரணம் இல்லை. பிராசசர்கள் கம்பெனியிலிருந்து வரும்போதே எல்லை வரை போக முயல்கின்றன. ரைசன் 7000 வரிசை 95 டிகிரி வரை தானாகவே ஏறிப்போகும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். நம் வெயிலில் அதற்கு மேல் ஏற்ற இடம் ஏது? போர்டின் செட்டிங் பக்கமான பயாஸில், ஏஎம்டியின் வோல்டேஜ் குறைப்பு வசதியான கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 15 என்று கொடுத்தால், எண் ஒன்றுக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட் வீதம் வோல்டேஜ் குறையும். சூடு குறைவதால் பிராசசர் தானாகவே இன்னும் கொஞ்சம் வேகம் எடுத்துக்கொள்ளும். 1.2 வோல்ட்டை 1.1 ஆக்கினால் அதே வேகத்துக்கான மின் செலவு ஏறக்குறைய 16 சதவீதம் குறையும் என்பதே கணக்கு. ரைசன் 9 7900எக்ஸ் சாதாரணமாக 230 வாட் வரை இழுக்கும். மின் செலவுக்கு வரம்பு போடும் எக்கோ மோடில் 142 வாட், இன்னும் இறக்கினால் 88 வாட். 142ல் ஓடவிட்டால் அதற்கும் டவர் கூலரே போதும்.

இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் அதிக வோல்டேஜால் வந்த பழுது 2024ல் பெரிய பேச்சாக இருந்தது; இன்டெல் ஆகஸ்டில் பிராசசரின் உள் புரோகிராமான மைக்ரோகோடுக்குத் திருத்தம் கொடுத்து, வாரண்டியையும் இரண்டு வருடம் கூட்டியது. அந்தத் தலைமுறை வைத்திருப்பவர்கள் அந்தத் திருத்தம் வரும் பயாஸ் அப்டேட்டைச் செய்யாமல் வேறு எதையும் தொட வேண்டாம். செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

கரண்ட் போகும் ஊரில் ஏற்றுவதற்கு இன்னொரு தடையும் இருக்கிறது. கடைகளில் அதிகம் விற்கும் 600 விஏ யூபிஎஸ் உண்மையில் 360 வாட்தான் தாங்கும். 240 வாட்டுக்கு ஏற்றிய பிராசசரும் ஒரு கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்தால், கரண்ட் போன நொடியில் யூபிஎஸ்ஸும் கையை விரித்துவிடும்.

எந்த ஊரில் எது

திருப்பூர், பல்லடம், சோமனூர்: டவர் கூலர், வோல்டேஜ் குறைப்பு, ஃபில்டர் வலையோடு உள்ளே இழுக்கும் ஃபேன் இரண்டு, வெளியே தள்ளுவது ஒன்று. உள்ளே காற்றழுத்தம் கூடினால் சந்துபொந்து வழியாகப் பஞ்சு நுழையாது. உடுமலை, பொள்ளாச்சிக்கும் இதேதான். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், புழுதி எம்மாத்திரம். ஜன்னலுக்கு எதிரே கேபினெட்டை வைக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஈரோடு, கரூர், நாமக்கல்லில் ஏசி இல்லாத அறையென்றால் எக்கோ மோடோடு டவர்; தண்ணீர் கூலருக்குச் செலவழிக்கும் காசை நல்ல விஆர்எம் உள்ள போர்டுக்குக் கொடுங்கள். கோவையில் ஏசி அறையில் மோல்டு டிசைன் செய்கிறவர்கள், கல்யாண வீடியோவை இரவு முழுக்க ரெண்டர் போடுகிறவர்கள், 250 வாட் பிராசசர் உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள், 360 தண்ணீர் கூலர் வாங்கலாம். கூடவே விஆர்எம்மைப் பார்த்து ஊதும்படி ஒரு சின்ன ஃபேன் வையுங்கள்.

எதைப் போட்டாலும் சித்திரை மதியத்தில், அறைக் கதவை மூடி, ஓசிசிடி என்ற சோதனைப் புரோகிராமை ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். மார்கழியில் அசையாமல் நின்ற செட்டிங் அப்போது விழலாம், முக்கியமாக ராம். விழுந்தால் மைனஸ் 15ஐ மைனஸ் 10 ஆக்குங்கள், ராமின் எக்ஸ்போ வேகத்தை ஒரு படி இறக்குங்கள். கிடைத்த செட்டிங்கை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் அப்டேட் செய்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், சேமித்து வைத்த புரொஃபைலும் பெரும்பாலும் புது பயாஸில் ஏறாது.