நெடுந்தீவா, நயினாதீவா, புங்குடுதீவா: காணி பார்க்க முன் படகைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் காணி வாங்குவதா, பாட்டனாரின் வீட்டைத் திருத்துவதா, இல்லை சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருவதா என்ற பேச்சு, ஊருக்குப் போகும் காலம் நெருங்க நெருங்க கனடா, இலண்டன் வீடுகளில் எழும். ஒரு பரப்புக் காணி என்ன விலை என்று தொடங்கும் அந்தப் பேச்சு பெரும்பாலும் அதோடேயே முடிந்துவிடும். நான் முதலில் கேட்பது வேறு. கடைசிப் படகு எத்தனை மணிக்கு? காற்றுக் காலத்தில் அது ஓடுமா? ஒரு பை சீமெந்து வளவுக்கு வந்து சேரும்போது என்ன விலையாகியிருக்கும்?

யாழ் நகரிலிருந்து புறப்படும் பஸ் வேலணை, வாணர் பாலம், புங்குடுதீவு என்று கடந்து குறிகட்டுவான் இறங்குதுறையில் வந்து நிற்கும். புங்குடுதீவுக்காரர் அதற்கு முன்பே இறங்கி வீட்டுக்குப் போயிருப்பார். நயினாதீவுக்குப் போகிறவருக்கு அங்கிருந்து கால் மணித்தியாலம், இருபது நிமிடம். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம். கடல் கொந்தளித்தால் அதற்கும் மேல், அல்லது அன்று பயணமே இல்லை. தூரத்தைவிட இந்த "இல்லை"தான் மூன்று தீவுகளையும் பிரித்து வைக்கிறது.

இருந்து வாழ்வதற்கு

வயதான பெற்றோரைக் கொண்டுபோய் இருத்தும் எண்ணமென்றால் புங்குடுதீவு, வேறு பேச்சில்லை. நயினாதீவிலும் நெடுந்தீவிலும் அரச வைத்தியசாலை உண்டு. ஆனால் சத்திரசிகிச்சை, மாரடைப்பு, சிக்கலான பிரசவம் என்றால் யாழ் போதனா வைத்தியசாலைக்குத்தான் ஓடவேண்டும். புங்குடுதீவில் இரவு இரண்டு மணிக்கும் வாகனம் பிடிக்கலாம். நெடுந்தீவில் அந்நேரம் படகும் வேண்டும், ஓட்டியும் வேண்டும், கடலும் இடம்கொடுக்க வேண்டும்.

தண்ணீர் மூன்றுக்கும் தலைவலி. புங்குடுதீவின் பல கிணறுகள் உவர். நெடுந்தீவு சுமார் 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள பெரிய தீவு. இருந்தும் நல்ல தண்ணீர் சாராப்பிட்டி போன்ற சில இடங்களில்தான் ஊறும். காணி பார்க்கப் போகிறவர் கோடை முற்றிய ஆவணியில் போய், கிணற்றில் ஒரு வாளி அள்ளி வாயில் வைத்துப் பார்க்கட்டும். மார்கழி மழைக்குப் பிறகு எந்தக் கிணறும் இனிக்கும்.

மின்சாரத்தில் புங்குடுதீவுக்குக் கவலை குறைவு, தேசிய மின்கட்டமைப்போடு இணைந்த ஊர். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசல் மின்பிறப்பாக்கியை நம்பி இருந்தவை. இவற்றுக்குச் சூரிய ஒளி, காற்று, மின்கலம் சேர்ந்த கலப்பு மின்திட்டமொன்றை 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்க முடிவானது. இந்தியா மறுப்புக் காட்டியது, திட்டம் நின்றது, 2022இல் இந்திய மானியத்தில் செய்வதாக உடன்படிக்கை எழுதப்பட்டது. நயினாதீவின் மொத்தப் பரப்பு நாலேகால் சதுர கிலோமீற்றர். அங்கே விளக்கெரிக்க இரண்டு வல்லரசுகள் மல்லுக்கட்டின!

இத்தனைக்கும் பிறகு நெடுந்தீவில் வாழ விரும்புவோர் இருக்கிறார்கள், காரணமும் இருக்கிறது. சாந்து வைக்காமல் முருகைக்கல்லை (பவளப்பாறைக் கல்லை) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மதில்கள் ஒழுங்கை நெடுகிலும் ஓடும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே காற்றுப் போக வழி இருப்பதால் எந்தப் புயலுக்கும் அவை இலேசில் சாய்வதில்லை. மதிலுக்கு அப்பால் ஆடுமாடு, பனை, வெட்டவெளி. இடம் தாராளம், சத்தம் குறைவு. உடம்பில் பலமும் கையில் தொழிலும் உள்ளவருக்கு அது பொருந்தும். ஓய்வூதியத்தோடு மருந்துப் பெட்டியும் கொண்டு போகிறவருக்குப் பொருந்தாது.

பணம் போடுவதற்கு

நயினாதீவில் ஆள் வரவு பற்றிய பயமே இல்லை. நாகபூசணி அம்மனுக்குத் தமிழர், நாகவிகாரைக்குச் சிங்களவர் என்று வருடம் முழுக்கப் படகு நிறையும். ஆனியில் வரும் பதினாறு நாள் திருவிழாவில் நிற்க இடம் கிடையாது. ஆகவே விடுதி கட்டலாம் என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். வருகிறவர் காலையில் கும்பிட்டு, அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் சாப்பிட்டு, பின்னேரத்துக்குள் கரை திரும்புகிறவர். படுக்கையும் சாப்பாடும் விற்பதைவிட அங்கே குளிர்பானம், அர்ச்சனைப் பொருள், பனங்கட்டி விற்பதே ஓடும். அந்த இடங்கள் ஏற்கெனவே ஊரவர் கையில்.

நெடுந்தீவுக்கு வருகிறவர் தொகை குறைவு, ஆனால் பார்க்க நிறைய உண்டு: கட்டாக்காலிக் குதிரைகள், பெருக்கு மரம் (பாவோபாப்), ஒல்லாந்தர் காலப் புறாக்கூடு, இடிந்த கோட்டை, வெடியரசன் கோட்டை, தெற்கே குவிந்தா கோபுரம். காலைப் படகில் வந்து ஆட்டோவில் ஓட்டமாய்ச் சுற்றிவிட்டு, பாதி பார்க்காமலேயே பின்னேரப் படகுக்கு ஓடுகிறார்கள். அந்தப் பாதிக்காக ஓர் இரவு தங்க வைக்கக்கூடிய சுத்தமான இரண்டு அறை, நல்ல தண்ணீர், நண்டுக் குழம்போடு சோறு: என்னைக் கேட்டால் மூன்று தீவிலும் முதல் போடத் தகுந்த வியாபாரம் இதுதான். பெரிய ஹோட்டல் வேண்டாம். கல், மணல், சீமெந்து எல்லாம் லொறியில் குறிகட்டுவான் வந்து, இறக்கி, படகில் ஏற்றி, மாவலி இறங்குதுறையில் மறுபடி இறக்கி, உழவு இயந்திரத்தில் ஏறும். ஒவ்வோர் ஏற்றி இறக்கலுக்கும் கூலி. மேசன் கரைக்குப் போய்க் காற்றில் மாட்டிக்கொண்டால் வேலை அப்படியே நிற்கும்.

அனுமதி விஷயத்திலும் கவனம் தேவை. கடற்கரையிலிருந்து உள்நோக்கி 300 மீற்றர் கரையோர வலயம். அதற்குள் கட்ட அனுமதி எடுக்க வேண்டும். நயினாதீவு போன்ற சிறு தீவில் இது ஊரின் பெரும் பங்கை விழுங்கிவிடும். நெடுந்தீவில் 2015இல் தேசியப் பூங்காவாக அறிவித்த பகுதி 18 சதுர கிலோமீற்றருக்கு மேல். புராதனச் சின்னங்களுக்கு அருகே கட்டுவதானால் தொல்பொருள் திணைக்களத்தையும் கேட்க வேண்டும். "கோட்டை தெரியும் காணி" என்று தரகர் ஆசைகாட்டினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

போய் வருவதற்கு

ஒரே நாளில் திரும்புவதென்றால் நயினாதீவு. ஓர் இரவு கையிலிருந்தால் நெடுந்தீவு. மே முதல் ஆவணி வரை சோளகக் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) எழும்பும் நாளில் நெடுந்தீவுப் பயணத்தை விமானத்துக்கு முதல் நாள் வைக்காதீர்கள். படகில் ஊரவருக்கு இடம்விட்டு ஏறுங்கள். உங்களுக்கு அது உல்லாசம், அவர்களுக்கு அது சந்தை, வங்கி, ஆஸ்பத்திரி. 1985 மே 15இல் நெடுந்தீவுக்கு ஓடிய குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டதை நெடுந்தீவு இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது. அனலைதீவும் எழுவைதீவும் அழகு, ஆனால் உறவினர் வீடு இல்லாமல் அங்கே போனால் சாப்பாட்டுக்கே அலைய வேண்டிவரும்.

உறுதி

காணிப் பத்திரமான உறுதியின் சிக்கல் மூன்று தீவுக்கும் பொது. பிரிபடாத பங்குகள் ஏராளம். நாலு நாட்டில் இருக்கும் எட்டுப் பேர் ஒப்பமிட வேண்டிய காணிகளைக் கண்டிருக்கிறேன். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி பங்காளிக்கும் உரித்தாளிக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. மனைவியின் சீதனக் காணியைக் கணவனின் எழுத்து மூலச் சம்மதமின்றி விற்க முடியாது. பத்து வருடம் வேறொருவர் தடையில்லாமல் ஆண்டிருந்தால் ஆட்சியுரிமை கேட்பார். வெளிநாட்டிலிருந்து அனுப்பிய அற்றோணித் தத்துவம் (உங்களுக்காக இன்னொருவர் ஒப்பமிடக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) இன்னும் செல்லுபடியாகிறதா என்று நொத்தாரிசைக் கொண்டு பார்ப்பியுங்கள்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் உள்ளவர் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் வாங்கலாம். பெற்றோரின் காணி முதுசமாகப் பிள்ளைக்கு இறங்குவதற்கு அந்தத் தடை இல்லை. ஆகவே புதிதாக வாங்க ஓடுமுன், அம்மாவின் பெயரில் புங்குடுதீவில் பற்றை மண்டிக் கிடக்கும் வளவின் உறுதியைத் தேடி எடுங்கள்.