தாவரவியல் பூங்கா: வழிகாட்டியோடு நடப்பதா, பலகை பார்த்து நடப்பதா?

பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரிந்தால் பாதி வழிகாட்டி கூடவே வருகிறார். சாய்வெழுத்தில் இருப்பது பேரினமும் சிற்றினமும். பிறகு குடும்பம், பிறப்பிடம். மூலையில் இருக்கும் எண்ணைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது சேர்க்கை எண், செடி பூங்காவுக்கு வரும்போது பதிவேட்டில் இடும் எண். பல பூங்காக்களில் அதன் முதல் 4 இலக்கங்கள் செடி வந்து சேர்ந்த ஆண்டு. பலகை பார்த்துத் தனியாக நடந்தால், ஒரு மரத்தடியில் அரைமணி நேரம் நின்றாலும் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். வரைபவர்களுக்கும் படமெடுப்பவர்களுக்கும் இதுவே சரி.

ஆனால் பலகையும் ஏமாற்றும். செடி பட்டுப்போயிருக்கும், பக்கத்துச் செடி படர்ந்து அந்தப் பலகையைச் சொந்தமாக்கிக்கொண்டிருக்கும். எதிரிலை (ஒரே கணுவில் எதிரெதிராக இரண்டு இலை) என்று படித்த குடும்பத்தில் மாற்றிலை (கணுவுக்கு ஒன்றாக மாறிமாறி வரும் இலை) தெரிந்தால் பலகையைச் சந்தேகியுங்கள்.

வழிகாட்டி தருவது காலக்கணக்கு. அமேசான் ராட்சத அல்லி முதல் மாலை வெள்ளையாக விரியும். இரவில் வண்டுகளை உள்ளே வைத்து மூடிக்கொண்டு, மறுநாள் மாலை இளஞ்சிவப்பாகத் திறந்து விடுவிக்கும். பகலில் தனியாகப் போனவருக்கு மூடிய பூதான் மிச்சம். குழு 15 பேரைத் தாண்டினால் பின்வரிசைக்குக் காது கேட்காது, முன்னால் நடங்கள்.

வீட்டுச் செடியைப் பற்றிக் கேட்க நினைத்தால் வழிகாட்டி நடையே மேல். இலை, பூ, காய் மூன்றும் உள்ள கிளையின் படம் போதும். பூச்சி விழுந்த கிளையை உள்ளே கொண்டுபோகாதீர்கள், பூங்காச் செடிகளுக்கும் தொற்றும்.