ஆப் கூப்பனா, அண்ணாச்சி கடையா?

மாச சாமான் லிஸ்ட் போட்டாலே எங்க வீட்ல இந்தப் பஞ்சாயத்துதான். ரேஷன்ல துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25ன்னு வாங்கினது போக மிச்சத்துக்குத்தான் இந்தக் கணக்கு.

போன மாசம் ஒரு ஆப்ல 999க்கு மேல வாங்கினா 150 தள்ளுபடின்னு கூப்பன், நம்ம லிஸ்ட் 840லயே நின்னுடுச்சு, சரின்னு 160 ரூபாக்கு பிஸ்கட், நூடுல்ஸ்னு அள்ளிப்போட்டேன், கடைசில டெலிவரி, ஹேண்ட்லிங்னு 35 ஏத்தி 885 ஆக்கிட்டான். பிஸ்கட் ரெண்டே நாள்ல காலி. ஆனா சோப்புத்தூள், பேஸ்ட், டயப்பர் மாதிரி கெட்டுப்போகாத ஐட்டத்த மொத்தமா கூப்பன்ல போட்டா நெஜமாவே லாபம், எம்ஆர்பிய விட்டுட்டு 100 கிராம் எவ்ளோ விழுதுன்னு பாக்கணும், அவ்ளோதான்.

அண்ணாச்சிகிட்ட கூப்பனாவது ஒண்ணாவது! ஆனா 50 கிராம் கடுகு, 10 ரூபாக்கு சோம்புன்னு கேட்டத மட்டும் பொட்டலம் கட்டுவாரு, கறிவேப்பிலை கொசுறு, கைல காசில்லன்னா நோட்டுல எழுதிக்குவாரு. சிலதுக்கு ரெண்டு மூணு ரூபா கூடத்தான், சோப்பெல்லாம் அச்சு வெலதான்.

இப்ப மளிகை அண்ணாச்சிகிட்ட, சோப்பு சமாச்சாரம் ஆப்ல. "இன்னைக்கு நைட்டோட ஆஃபர் முடியுது"ன்னு மெசேஜ் வந்தா மட்டும் வீட்டம்மா போன புடுங்கி வச்சுக்கறாங்க.