ஆங்கில ஐவியா, பாஸ்டன் ஐவியா?

இங்கிலாந்தில் எங்கள் வீட்டுப் பின்புறச் செங்கல் சுவரில் ஏற்றக் கொடி தேடியபோது, நாற்றுப்பண்ணையில் அருகருகே இருந்த இரண்டு தொட்டிகளிலும் 'ஐவி' என்றே எழுதியிருந்தது. ஒன்று ஐரோப்பாவில் இயல்பாக வளரும் ஹெடெரா ஹீலிக்ஸ் என்னும் ஆங்கில ஐவி. மற்றொன்று கிழக்காசியாவிலிருந்து வந்த பாஸ்டன் ஐவி. அது திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டும் குளிரையும் நிழலையும் தாங்கும்.

இலையை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். ஆங்கில ஐவியின் இளங்கொடியில் வெளிறிய நரம்புகளுடன் மூன்று முதல் ஐந்து மடல்கள் கொண்ட இலைகள் இருக்கும். அதே கொடி பல ஆண்டுகள் கழித்து உச்சியில் வெயிலை எட்டிப் பூக்கத் தொடங்கியதும், பூக்கும் கிளைகளில் மடலே இல்லாத முட்டை வடிவ இலைகள் வரும். பாஸ்டன் ஐவியிலும் பெரும்பாலும் மூன்று மடல்கள்தாம். ஆனால் சுவரில் ஏறிய தண்டைப் பிரித்துத் திருப்பினால் ஐயம் தீர்ந்துவிடும்: ஆங்கில ஐவியில் பூரான் கால்களைப் போல நெருக்கமான பற்றுவேர்கள், பாஸ்டன் ஐவியில் கிளைத்த பற்றுக்கம்பிகள், அவற்றின் நுனிகளில் பல்லி விரலை நினைவூட்டும் சிறு ஒட்டுத்திட்டுகள்.

நான் ஆங்கில ஐவியை நட்டேன், காரணம் பராமரிப்பு. பாஸ்டன் ஐவியின் இலையுதிர்காலச் சிவப்புக்கு ஈடில்லை என்பது உண்மைதான். ஆனால் பக்கத்து வீட்டில் அந்தச் சிவப்பு முடிந்ததும் முதலில் இலைப்பரப்பும் பிறகு தனியே காம்புகளுமாக உதிர, கூரை மழைநீர் வடிகாலை இருமுறை சுத்தம் செய்கிறார்கள். குளிர்காலம் முழுவதும் சுவர் மொட்டையாக நிற்கிறது. எனது ஐவி ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கிறது. பறவைகள் கூடு கட்டத் தொடங்குமுன், பிப்ரவரியில் ஒருமுறை கூரை விளிம்புக்குக் கீழே வெட்டிவிட்டால் போதும். கையுறை அவசியம்; சாறு பட்டால் சிலருக்குத் தோல் தடிக்கும்.

நான்கு ஆண்டுகளே ஆன என் கொடி இன்னும் பூக்கவில்லை. தேவாலயச் சுவரிலுள்ள முதிர்ந்த கொடியில் செப்டம்பர் இறுதியில் பச்சை கலந்த மஞ்சள் பூப்பந்துகளைத் தேனீக்கள் மொய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். பிரிட்டனில் 2001இல் முதன்முதலாகக் காணப்பட்ட ஐவித் தேனீ பெரிதும் நம்பியிருப்பது இந்தப் பூவைத்தான்.

எங்கள் சுவரின் சிமெண்ட் இணைப்புகள் உறுதியானவை. சுண்ணாம்புச் சாந்து உதிரும் பழைய சுவருக்கு என் அனுபவம் பொருந்தாது. விரிசல்களுக்குள் பற்றுவேர் இறங்கக்கூடும் என்பதால், அங்கே மேற்பரப்பில் மட்டும் ஒட்டும் பாஸ்டன் ஐவியையே நான் யோசிப்பேன். எதைப் பிய்த்தாலும் தடம் நிற்கும்: நான் ஒரு முழம் ஐவியை அகற்றிய இடத்தில் இரண்டு ஆண்டுகளாகப் பழுப்பு வேர்த்தழும்புகள் அப்படியே இருக்கின்றன.