மினியாபோலிஸ் குளிருக்கு மதுரையில் வாங்கிய ஜெர்கின்

"அமெரிக்கா போறேன், குளிருக்கு உடுப்பு வேணும்" என்று கேட்டால், பெரும்பாலான கடைகளில் இருப்பதிலேயே மொத்தமானதை எடுத்து நீட்டிவிடுவார்கள். டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில், மாடியில் இருக்கும் இந்தக் கடைக்காரர் முதலில் கேட்டது, "எந்த ஊர், டீச்சர்? எந்த மாசம்?" மினியாபோலிஸ், ஜனவரி என்றேன். கையில் எடுத்த ஜெர்கினைத் திரும்ப மாட்டிவிட்டு, உள்ளே போய் வேறொன்றைக் கொண்டுவந்தார். அந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

நான் திருமங்கலம் பக்கம் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். மகள் குடியிருக்கும் மினியாபோலிஸ் இருப்பது மின்னசோட்டா மாநிலத்தில். அதே மாநிலத்தில் டவர் என்று ஓர் ஊர். 1996 பிப்ரவரி 2 அன்று அங்கே மைனஸ் 60 ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 51 டிகிரி செல்சியஸ். அன்றைக்கு மாநிலம் முழுக்கப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். மொண்டானாவில் ரோஜர்ஸ் கணவாயில் 1954-ல் மைனஸ் 57, அலாஸ்காவின் பிராஸ்பெக்ட் கிரீக்கில் 1971-ல் மைனஸ் 62. மார்கழி விடியலில் 20 டிகிரிக்கே மஃப்ளர் சுற்றுகிற நம் ஊரில் இருந்துகொண்டு, இந்த எண்களுக்கு என்ன உடுப்பு என்று நாமாக முடிவு செய்ய முடியாது. விவரம் தெரிந்த கடைக்காரர் வேண்டும்.

இவருக்கு விவரம் தெரிகிறது. மேசை ஃபேனை வேகமாக வைத்து, ஜெர்கினின் முதுகுப் பக்கத்தை அதன் முன்னால் விரித்துப் பிடித்தார். "பின்னாடி கையை வைங்க." காற்று துளிகூட வரவில்லை. அதைவிட மொத்தமான கம்பளி ஸ்வெட்டரைப் பிடித்தபோது விரல் இடுக்கெல்லாம் காற்று. விஷயமே இதுதான். உடம்பைச் சுற்றி நாம் சூடாக்கி வைத்திருக்கும் காற்றை வெளிக்காற்று அடித்துக்கொண்டு போய்விடும். மைனஸ் 18 டிகிரியில் மணிக்கு 24 கிலோமீட்டர் காற்று அடித்தால், தோலுக்கு அது மைனஸ் 28 மாதிரி. மூடாத தோல் அரை மணி நேரத்தில் உறையலாம். ஜெர்கினின் கைநுனிக்குள் மணிக்கட்டைப் பிடிக்கிற பின்னல் பட்டை ஒன்று, ஜிப்பின் மேல் ஒரு மடிப்பு. வாங்கும்போது இந்த இரண்டையும் பாருங்கள்.

தடிமனான ஒரே கோட்டை அவர் விற்கவில்லை. உடம்போடு ஒட்டும் தெர்மல் என்னும் உள்ளுடுப்பு, அதன் மேல் ஃப்ளீஸ் என்னும் மெத்தென்ற துணியில் தைத்த மேலுடுப்பு, அதன் மேல் ஜெர்கின் என்று மூன்றாகக் கொடுத்தார். அதுவும் சரி. தெற்கு டகோட்டாவில் ஸ்பியர்ஃபிஷ் என்ற ஊரில் 1943 ஜனவரி 22 காலையில், மலையிலிருந்து இறங்கிய சினூக் என்னும் வெப்பக் காற்றால் இரண்டே நிமிடத்தில் 27 செல்சியஸ் டிகிரி ஏறியது. அப்புறம் ஒன்பது மணிக்கு மேல், 27 நிமிடத்தில் பழைய குளிர் திரும்பிவிட்டது. மின்னசோட்டாவில் 1940 நவம்பர் 11 காலை இதமாக இருந்ததால் லேசான உடுப்போடு வாத்து வேட்டைக்குப் போனவர்கள், மதியத்துக்கு மேல் வந்த பனிப்புயலில் மாட்டிக்கொண்டார்கள். அந்த மாநிலத்தில் மட்டும் 49 பேர் இறந்தார்கள். அதனால் கழற்றவும் மாட்டவும் தோதாக உடுப்பு இருக்க வேண்டும், காலையில் வெயில் அடித்தாலும் கையில் இருக்க வேண்டும்.

நான் இருக்கும்போதே ஹூஸ்டனுக்கு மகனைப் பார்க்கப் போகும் ஒரு தம்பதி வந்தார்கள். "அது நம்ம ஊர் மாதிரிதானாம், ஒரு ஸ்வெட்டர் போதும்" என்றார் அந்த அம்மா. கடைக்காரர் எடுக்கப் போனார். நான் குறுக்கே பேசினேன். 2021 பிப்ரவரியில், ஹூஸ்டன் இருக்கும் டெக்சஸ் மாநிலம் உறைந்தபோது 45 லட்சம் வீடுகளுக்கு மேல் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. அரசாங்கக் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள், பாதிக்கு மேல் உடல் குளிர்ந்துபோய். வீட்டுக்குள் ஹீட்டர் நின்றுபோனால் ஹூஸ்டனிலும் தெர்மல்தான் காப்பாற்றும். அந்த அம்மா இரண்டு செட் வாங்கிக்கொண்டார். ஃப்ளோரிடா போகிறவர்களுக்கும் இதைச் சொல்வேன்: 1899 பிப்ரவரியில் டல்லஹாசியில் மைனஸ் 19 வரை இறங்கியிருக்கிறது.

சரி, அங்கே போய் எப்படி இருந்தது? ஜெர்கின் 5,800 ரூபாய். ஒவ்வொரு ரூபாய்க்கும் தகும். மைனஸ் 25-ல் பேரனைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட நின்றபோது உடம்பு குளிரவே இல்லை. தெர்மல் பலமுறை துவைத்தும் தளரவில்லை. ஆனால் அதே கடையில் வாங்கிய கையுறை தேறாது. பின்னல் கையுறைக்குள் காற்று சுலபமாக நுழைந்து, விரல் நுனி மரத்துப்போனது. நான்கு விரலும் ஒரே பைக்குள் போகிற வகையை மகள் அங்கே வாங்கிக் கொடுத்த பிறகுதான் நிம்மதி. பூட்ஸும் அப்படித்தான், கதகதப்பாக இருக்கிறது, ஆனால் அடிப்பாகம் வழவழப்பு, உறைந்த நடைபாதையில் பிடிப்பே இல்லை. என் வயதுக்காரர்கள் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பூட்ஸை அங்கே போய் வாங்குங்கள்.

திரும்பி வந்ததும் இரண்டு குறையையும் கடைக்காரரிடம் நேரிலேயே சொன்னேன். குறித்துக்கொண்டார். பெண்களுக்கான அளவுகள் குறைவாகத்தான் வைத்திருக்கிறார். கை நீளத்தைக் கட்டாயம் போட்டுப் பார்த்து வாங்குங்கள். மாடிப்படி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போங்கள்.