காக்கை வடை தூக்கினால் குறியீடு உண்டா? ஈபேர்ட் செயலியோடு ஒரு லைன்மேன்

முப்பத்திரண்டு வருஷம் லைன்மேனாக வேலை பார்த்தவன் நான். கம்பத்திலிருந்து பிரித்துப் போட்ட காக்கைக் கூடுகளுக்குக் கணக்கே கிடையாது. குச்சியோடு கம்பித் துண்டையும் பொறுக்கிவந்து கட்டும். அது லைனில் உரசினால் தெருவே இருட்டாகிவிடும். இப்போது ஓய்வு. அதே கூடுகளைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் குறித்துக்கொண்டிருக்கிறேன். பார்த்த பறவைகளைக் குறித்து அனுப்புவதற்காகப் பேத்தி என் போனில் ஏற்றிக் கொடுத்த ஈபேர்ட் செயலி செய்த வேலை.

அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து 2002இல் தொடங்கியது. காசு கிடையாது. கிளம்பும்போது ஆரம்பித்து வைத்தால் நடந்த தூரம், ஆன நேரம் எல்லாம் அதுவே பதிந்துகொள்ளும். பார்த்த பறவையையும் எண்ணிக்கையையும் நாம் போட வேண்டும். ஊர்ப் பறவைப் பட்டியலை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் டவர் இல்லாத குளத்தங்கரையிலும் ஓடும். வீட்டுக்கு வந்து அனுப்பிக்கொள்ளலாம். என் பழைய போனில் சார்ஜ் மட்டும் மளமளவென்று இறங்குகிறது.

சரி, நான் சொல்ல வந்தது இனப்பெருக்கக் குறியீடு பற்றி, அதாவது பறவை கூடு கட்டுவது, குஞ்சு வளர்ப்பது போன்றவற்றைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள். பறவையின் பெயரைத் தட்டி உள்ளே போனால் இருக்கும். அவசரக்காரனான என் கண்ணில் ஆறு மாதம் படவில்லை. கூடு கட்டினால் ‘என்பி’, முட்டையோடு கூடு கண்டால் ‘என்இ’, குஞ்சுக்கு இரை கொண்டுபோனால் ‘சிஎஃப்’, இப்படி நிறைய. இதை வைத்துத்தான் அந்தப் பறவை அங்கே குஞ்சு பொரிப்பது ‘இருக்கலாம்’, ‘பெரும்பாலும்’, ‘உறுதி’ என்று தரம் பிரிக்கிறார்கள். எனக்கு எழுத்துகள் மனதில் நிற்காததால் பேத்தி ஒரு அட்டையில் தமிழில் எழுதித் தந்தாள். சட்டைப் பையில் இருக்கிறது.

கண்டுபிடித்த உற்சாகத்தில் முதல் நாளே மாட்டிக்கொண்டேன். டீக்கடை வாசலில் ஒரு காக்கை வடையைக் கவ்விக்கொண்டு பறந்தது. உடனே ‘சிஎஃப்’ போட்டேன். பேத்தி பார்த்துவிட்டு, “தாத்தா, அது பிள்ளைக்குத்தான் கொண்டு போகுதுன்னு எப்படித் தெரியும்?” என்றாள். விளக்கத்தைப் படித்தால், காக்கை இனத்துக்கும் வேட்டைப் பறவைகளுக்கும் அந்தக் குறியீட்டைப் போடக்கூடாது என்றே இருக்கிறது. அவை எப்போதும் எதையாவது தூக்கிக்கொண்டுதானே அலையும்! பாட்டி வடை சுட்ட கதையைச் சின்ன வயதிலேயே கேட்டவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

அப்புறம் நிதானம் வந்தது. ஊருக்கு வெளியே மனை பிரித்துக் கல் நட்டுப் போட்டிருக்கும் பொட்டலில் ஒரு ஆள்காட்டிக் குருவி ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. முன்னால் என்றால் சனியன் என்று கடந்திருப்பேன். அன்றைக்குத் தள்ளிப் போய் உடைமர நிழலில் உட்கார்ந்தேன். இருபது நிமிஷம் கழித்துச் சத்தம் அடங்கியது. நேராகப் போகாமல் இங்கே இரண்டடி, அங்கே இரண்டடி என்று போக்குக் காட்டிவிட்டு ஒரு இடத்தில் உட்கார்ந்தது. பைனாகுலரில் பார்த்தால் வயிற்று இறகில் ஈரம் சொட்டுகிறது. வாய்க்காலில் நனைத்துக்கொண்டு வந்து வெயிலில் காயும் முட்டையைக் குளிர்விக்கிறது! அது எழுந்த நேரத்தில் நாலு முட்டை தெரிந்தது, கூர்முனை உள்பக்கமாக, ஜல்லிக் கல் நிறத்தில். ‘என்இ’ போட்டேன். ஈர வயிற்றுக்குக் குறியீடு எதுவும் இல்லை. குறிப்புப் பெட்டியில் எழுதி வைத்தேன்.

படம் எடுத்துப் பேர் வாங்க நினைப்பவர்களுக்கு இது தோதுப்படாது. கூட்டின் பக்கத்தில் போகவே கூடாது. நாம் போன தடத்திலேயே காக்கையும் நாயும் போகும். பொறுமையாக ஒரு இடத்தில் உட்காரத் தெரிந்தவர்களுக்கு, அதுவும் என்னைப் போல ஓய்வில் இருப்பவர்களுக்கு, தாராளமாகச் சொல்வேன்: இந்தச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருக் கம்பத்தில் இப்போது ஒரு காக்கைக் கூடு. உள்ளே குஞ்சுச் சத்தம் கேட்கிறது. குரலைக் கேட்டால் ஒன்று குயில் குஞ்சோ என்று சந்தேகம். வெளியே வந்தால்தான் எந்தப் பெயரில் போடுவது என்று தெரியும். இப்போதைய லைன்மேன் தம்பி நேற்று ஏணியோடு வந்து நின்றார். லைனிலிருந்து நன்றாகத் தள்ளித்தான் இருக்கிறது, பத்து நாள் பொறுங்கள் தம்பி என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.