மலை ரோட்டுக்கு எந்தக் கார்: அல்டோவா, அக்வாவா, லீஃபா?

கம்பளையில் இருந்து ரம்பொடை வழியாக நுவரெலியா போனால் கார் ஏறக்குறைய 1,400 மீற்றர் மேலே ஏறுகிறது. நான்கு பேரை ஏற்றிய சின்னக் காருக்கு அந்த உயரத்துக்கென்றே ஒன்றரை, இரண்டு லீற்றர் பெற்றோல் கூடுதலாகப் போகும். பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் காரான அக்வா வந்த புதிதில், லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர் என்று ஜப்பானில் சொன்ன கணக்கில் இந்த ஏற்றம் இல்லை. அது உருளைமேல் ஓட்டி எடுத்த கணக்கு. அதை நம்பி லீசிங் போடாதீர்கள்.

அல்டோ 800 ஏற்றத்தில் திணறும். நுவரெலியா உயரத்தில் காற்று மெலிந்து, எஞ்சின் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். இரண்டாம் கியரை விட முடியாது. ஆனால் இறக்கத்தில் கியரிலேயே விட்டு வந்தால் எஞ்சினுக்குப் பெற்றோல் போவதே நின்றுவிடும். மிச்சம் பிடிக்கிறோம் என்று நியூட்ரலில் இறக்குபவர்கள் பெற்றோலையும் எரிக்கிறார்கள், பிரேக்கையும் சூடாக்குகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இறக்கத்தில் அக்வா தன் பெட்டரியைச் சார்ஜ் செய்துகொள்ளும். ஆனால் அந்த ஹைபிரிட் பெட்டரி ஒரு யூனிட் மின்சாரம்கூடப் பிடிக்காது. ரம்பொடை இறக்கம் தரக்கூடியதோ ஐந்து யூனிட் அளவு. சில கிலோமீற்றரிலேயே பெட்டரி நிறைந்துவிடும், மீதி வீண்தான். அக்வாவின் உண்மையான லாபம் கண்டி நெரிசலிலும் ஏப்ரல் சீசன் நுவரெலியாவிலும்.

சரி, கணக்குக்கு வருவோம். மலையில் அல்டோ லீற்றருக்கு 14, அக்வா 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடினால் வருடத்துக்கு 257 லீற்றர் மிச்சம். லீற்றர் 300 ரூபாய் என்றால் 77,000 ரூபாய். அக்வாவுக்கு 15 லட்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தால், அதை எடுக்கக் கிட்டத்தட்ட இருபது வருடம் ஆகும். அதற்குள் பெட்டரி மாற்றும் செலவும் வந்துவிடும். ஹயர் ஓடி மாதம் 3,000 கிலோமீற்றர் போகிறவருக்கு ஆறரை வருடம் போதும். அவர் அக்வா எடுக்கலாம். தோட்டத்தில் இருந்து டவுனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வரும் குடும்பத்துக்கு அல்டோவே போதும் என்பேன்.

177 ரூபாயாக இருந்த 92 பெற்றோல் 2022 ஜூனில் 470 ஆனதை நாம் யாரும் மறக்கவில்லை. அந்த விலையிலும் மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடுபவரின் கணக்கு பன்னிரண்டு வருடத்துக்குத்தான் இறங்குகிறது.

பெற்றோலே இல்லாமல் முழுக்க மின்சாரத்தில் ஓடும் லீஃப் தனி ரகம். இறக்கத்தில் கிடைப்பதில் பெரும்பகுதியைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும். எங்கள் குளிரும் அதன் பெட்டரிக்கு நல்லது. ஆனால் மேலே குடியிருப்பவர் இரவில் முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு இறங்கினால், சேர்க்க இடமே இருக்காது. 80 வீதத்தில் நிறுத்த வேண்டும். பழைய 24 யூனிட் லீஃப் புதிதாக இருந்தபோதே அமெரிக்கச் சோதனையில் 117 கிலோமீற்றர்தான் ஓடியது. சொந்த வீடு, நல்ல வயரிங், கார் நிறுத்த இடம் இல்லாதவர்களுக்கு அது சரிவராது. லயத்து வயரிங்கில் கார் சார்ஜ் போடுவது ஆபத்து. மின்கட்டணமும் யூனிட் கூடக்கூட மேல்படிக்குப் போகும்.

பழைய அக்வா பார்க்கப் போனால் பின்சீட்டின் பக்கத்தில் இருக்கும் காற்றுத் துவாரத்தைப் பாருங்கள். பெட்டரியைக் குளிர்விக்கும் காற்று அதன் வழியாகத்தான் போகிறது. தூசி அடைத்திருந்தால் பெட்டரி சூட்டில் கிடந்திருக்கும். அப்புறம் காரை ஒரு நீளமான ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.